கூடத்துச் சுவரை வெள்ளையாக்கித் தருவது குறித்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் தனித்தனியே நலம். நீங்களும் மகளும் சேர்ந்தே நலமாக இருக்க விரும்புகிறேன்.

பச்சைதான் வேண்டும் என்று உங்கள் அத்தை கேட்டும் நான் கூடத்துக்கு வெள்ளை அடித்ததும், அன்றோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்தியதும் உங்களுக்குத் தெரியும். நான்கு மாதம் ஆகிறது. இந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் எங்கள் கூடத்தில் படம் எடுக்கக் கேமராவோடு வந்தீர்கள். "மாமா, இந்த வெள்ளை இருந்தா யாரும் முகத்தைப் பார்க்க மாட்டாங்க, சுவரைத்தான் பார்ப்பாங்க" என்று சொல்லி ஒரு சுவருக்கு மட்டும் பாசிப் பச்சை அடித்தீர்கள். நடிகருக்கு என் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கி, அதுவும் கண்ணைக் கூசுகிறதென்று டீயில் முக்கி எடுத்தீர்கள். டியூப் லைட்டைக் கழற்றினீர்கள். படப்பிடிப்பு முடிந்ததும் பழையபடி வெள்ளை அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்ததால் நான் வாயே திறக்கவில்லை.

நேற்று நானும் உங்கள் அத்தையும் தியேட்டரில், நடுவில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டு, உங்கள் படம் பார்த்தோம். கதையில் வரும் வயதான தம்பதியின் இன்றைய வாழ்க்கையை அகலத் திரையில் வைத்திருக்கிறீர்கள். மேசையின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவள், இடையில் முழுக்க என் வீட்டுச் சுவர். பழைய நாட்கள் வந்ததும் திரை இருபக்கமும் சுருங்கிச் சதுரமாகி, நிறமும் மாலை வெயிலாக மாறியது. அதே மேசைதான், தோள் இடிக்காமல் உட்கார இடமில்லை. பின்னாலிருந்த ஒருவர், "மெஷின் ரிப்பேர் போல" என்றார். "என் மாப்பிள்ளை வேணும்னே பண்ணியிருக்கார், பேசாம பாருங்க" என்றேன். திரை மறுபடி அகலமானபோது எங்கள் நடுவிலிருந்த காலி இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். நீதிமன்றத்தில் முப்பது வருடம், சாட்சிகள் வாய்திறந்து சொன்னதை மட்டுமே தட்டச்சு செய்தவன் நான். ஒரு சுவர் சாட்சி சொல்லி நேற்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் வாக்கு வாக்குதான். பச்சையே இருக்கட்டும் என்று நானாகச் சொன்னால் உங்கள் அத்தை ஜெயித்ததாக ஆகிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயின்டரை அனுப்பவும்.

மகளுக்கு என் ஆசிகள். எந்தப் படத்திலும் வெளிச்சம் உங்கள் சொல் கேட்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்த உங்கள் அத்தை, நான்கு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்து, "பெயின்டர் மட்டும் வரட்டும், அப்புறம் நடக்கிறதே வேற" என்றாள். பெயின்டர் வேண்டாம். மீதமிருந்தால், மற்ற மூன்று சுவர்களுக்கும் அதே பச்சையை அனுப்பவும்.