மூணாவது பானைக்குப் பயந்த ஒட்டகம்

சம்பளச் சீட்டக் கையில வாங்குனா மட்டும் கணக்கு வாத்தியார நினைச்சு அழுவுற மூஞ்சிங்க எல்லாம் முன்னாடி வந்து உக்காருங்க. டேய், நீ எங்க பின்னாடி ஒளியுற? இன்க்ரிமென்ட் வேணாம், வரி ஸ்லாப் மாறிரும்னு மேனேஜர்கிட்ட கெஞ்சுன மகராசன் நீதானே? உனக்காகத்தான்டா இந்தக் கதை. மத்தவங்க சும்மா கேளுங்க. உங்களுக்கு வருமானமும் இல்ல, பயமும் இல்ல.

ஒரு காட்டில், இன்னும் பிளாட் போட்டு விக்காத காடு அது, அதனாலதான் கதைக்கு மிச்சமிருக்கு, ஒரு சிங்கம் ராஜாவா இருந்துச்சு. முந்திரிதான் அங்க காசு. ஆரம்பத்துல யார் எவ்வளவு சம்பாதிச்சாலும் மூணுல ஒண்ணு ராஜாவுக்கு. யானைக்கு அது ஒரு ஏப்பம். முயலுக்கு அது ராத்திரிச் சோறு. முயலெல்லாம் இளைச்சுப் போச்சு. இளைச்ச முயல் சிங்கத்துக்குப் பிடிக்காது. அந்தக் காட்டுல சமூக நீதி பொறந்தது இப்படித்தான்.

புதுச் சட்டப்படி ஆளுக்கு மூணு பானை. மொத ரெண்டுலயும் நூறு நூறு முந்திரி பிடிக்கும், மூணாவது எவ்வளவு போட்டாலும் பிடிக்கும். சம்பாத்தியத்த மொதப் பானையில போடணும். அது ரொம்பி வழியுறதுதான் ரெண்டாவதுக்குப் போகும், அதுவும் வழிஞ்சாத்தான் மூணாவது. மொதப் பானைய ராஜா தொடமாட்டாரு. ரெண்டாவதுல இருக்குறதுல பத்துக்கு ஒண்ணு எடுப்பாரு. மூணாவதுல இருக்குறதுல மூணுக்கு ஒண்ணு. வெளியூர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு வில்லங்கம். ஒரு மழைக்காலம் முழுசா இந்தக் காட்டுல நனையுற வரைக்கும் மொதப் பானைச் சலுகை கிடையாது, மொத முந்திரியிலருந்தே வரி. நனைஞ்சதுக்கு அத்தாட்சி, கால்ல அட்டைப்பூச்சி கடிச்ச தழும்பு.

பன்னாராம்னு ஒரு ஒட்டகம், பாலைவனத்துலருந்து பொழப்பு தேடி வந்தவன். பேரு எவன் வாயிலயும் நுழையல, பன்னுன்னு சுருக்கிட்டாங்க. மழை விழுந்ததும் மத்தவன் எல்லாம் குகைக்குள்ள ஓட, அட்டைப்பூச்சிக்கு ஆசையா கால நீட்டுன ஒரே ஜீவன் அவன்தான். மழைக்காலம் முடிஞ்சுது, தழும்பக் காட்டுனான், காட்டுக்காரன் ஆயிட்டான். பெரியநாயகிங்கிற யானையம்மாகிட்ட மலைக்குத் தண்ணி சுமக்குற வேலை. பொம்பள யானைக்குத் தந்தமான்னு கேக்காதீங்க, அந்தம்மாவுக்கு வாயெல்லாம் தந்தம். தூக்குற தண்ணிய வழியிலயே குடிச்சுத் தீர்க்காத வேலைக்காரன் அவங்களுக்கு அதுவரைக்கும் அமையல.

பன்னுக்கு மனசெல்லாம் பொண்டாட்டி கேசர் மேலதான். வயித்துல குட்டியோட பாலைவனத்துல கெடக்குறா. வலசை போற தகைவிலான் குருவிகிட்ட சேதி சொல்லி அனுப்புவா. "நீ அங்க சேத்துல சுகமா குளி. குட்டி பொறந்து உன்ன மாமான்னு கூப்பிடும்." இதுதான் கடைசியா வந்த சேதி. அவளக் கூட்டிட்டு வரணும்னா வரி ஆபீஸ் ஆமைகிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணும். வருசக் கணக்கு ஒழுங்கா இருந்தாக் கிடைக்கும்னு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில யானையம்மா ரெட்டை நடை சுமக்கச் சொன்னாங்க. முதுகு ஒடியச் சுமந்தான். ரெண்டு பானையும் ரொம்பி, மேல அறுபது முந்திரி மிச்சம். இத மூணாவதுல போடலாமான்னு கேக்க ஆமை ஆபீசுக்குப் போனான். ஆமை வேகத்துல வேலை, ஆமை வேகத்துல வரிசை. அந்த வரிசையோட வாலுல, பந்தல் போட்டு, எளநி வெட்டி வெச்சுக்கிட்டு, வரி ஆலோசகர் தங்கப்பழம் உக்காந்திருந்தாரு. நரிதான், வேற யாரு.

"தம்பி, மூணாவது பானையில ஒரே ஒரு முந்திரி விழட்டும், அப்புறம் மூணு பானைக்கும் சேத்து மூணுக்கு ஒண்ணு எடுத்துருவாங்க. ஒரு முந்திரிக்கு ஆசப்பட்டு அறுபத்தேழ விடப் போறியா?"

பன்னு நம்பிட்டான். நரி சொன்னது பச்சப் பொய். ஆனா காடே நம்புன பொய். முள்ளம்பன்றி மூணாவது பானையக் கவுத்திப் போட்டு அது மேல உக்காந்து முள்ளு சீவிக்கிட்டிருந்தாரு. கரடி ரெண்டாவது பானை ரொம்புன அன்னிக்கே தேன் எடுக்குறத நிறுத்திட்டு, வருசம் முடியுற வரைக்கும் தூங்கப் போயிருவாரு. நிறுத்த முடியாத அளவுக்கு வேலை இருந்தவங்க, மிச்சத்த நரிகிட்ட குடுத்துருவாங்க. அதுக்கு அவரு ஒரு பைசா கூலி கேக்கமாட்டாரு. சேவையாம். பன்னு அறுபதையும் குடுத்துட்டு, எளநிக்கு நன்றியும் சொல்லிட்டு வந்தான்.

நரி அந்த வருசம் பானை பத்தாம அண்டா வாங்குனாரு. வழிஞ்சு வந்ததுல மூணுக்கு ஒண்ண நயா பைசா குறையாம கட்டுனாரு. காட்டுலயே அதிகமா வரி கட்டுன உத்தமர்னு சிங்கம் அவருக்கு மாலை போட்டுச்சு. முள்ளம்பன்றிதான் முன் வரிசையில நின்னு கை தட்டுனாரு.

மழை தூறுற சமயத்துல பன்னு வரிசையோட தலைக்கு வந்தான். கண்ணாடிய மூக்குல இறக்கி ஆமை அம்சவேணி பானைங்களப் பாத்தா.

"மூணாவது பானை காலியா இருக்கே. அதோட அடி மறையுற அளவுக்காவது இருந்தாத்தான் குடும்பச் சீட்டு. பொண்டாட்டிக்குச் சோறு போட வக்கு வேணாமா?"

"அதுல போட்டா எல்லாத்துக்கும் மூணுல ஒண்ணு போயிருமே மேடம்."

அம்சவேணி அவன ஒரு மாதிரி பாத்தா. மூணாவதுல விழுந்ததுக்குத்தான் அந்தக் கணக்கு, மத்த ரெண்டு பானைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொன்னா. "அறுபது போட்டிருந்தா இருபது ராஜாவுக்கு, நாப்பது உனக்கு. நீ அறுபதையும் தொலைச்சிருக்க."

இத ஏன் யாருக்கும் சொல்லலன்னு கேட்டான். பாறையில எழுதிப் போட்டிருக்கமேன்னா. உண்மைதான். ஆனா அந்தப் பாறையிலதான் வரிசையில நிக்கிறவன் எல்லாம் முதுகு சாஞ்சு நிப்பான். கணக்கு மூட இன்னும் ஒரு வாரம் இருக்கு, இல்லன்னா அடுத்த வருசம் வான்னா. அதுக்குள்ள குட்டி பொறந்துரும் மேடம்னான். குட்டிக்குத் தனியா வரிசையில நிக்கணும்னு சொல்லிட்டு ஓட்டுக்குள்ள தலைய இழுத்துக்கிட்டா. மதியச் சாப்பாடு.

ஒரு வாரத்துல முதுகால சம்பாதிக்கிற கணக்கு இல்ல அது. பன்னு நேரா நரிகிட்ட போய் அறுபதத் திருப்பிக் கேட்டான். தங்கப்பழம் கோவப்படல. இன்னொரு எளநி வெட்டுனாரு. வரி கட்டி மாலையும் விழுந்தாச்சு, இப்பத் திருப்பிக் குடுத்தா ராஜாவுக்கே துரோகம்னாரு. அப்புறம் ஏரிப் பக்கம் மூக்கக் காட்டுனாரு. அங்க பூநாரைக் கூட்டம். பன்னு ஊரு உப்பளத்துலருந்து வந்து, காடு பூரா எறா புடிச்சுக் குடுத்து, ரெண்டு பானைக்கு மேல சேத்து வெச்சிருக்குற கூட்டம்.

"நான் கிட்டப் போனாலே பறந்துருதுங்க தம்பி. போன வருசம் ரெண்டு பேரத் தின்னுட்டேன், அத மனசுல வெச்சிருக்காங்க. நீ அவங்க ஊர்க்காரன். வர்றத நீயே வெச்சுக்க. அடுத்த வருசத்துலருந்து பாதிப் பாதி."

பன்னு ஏரிக்கரையில ரொம்ப நேரம் அசைபோட்டுக்கிட்டே நின்னான். வாயில ஒண்ணும் இல்ல. அப்புறம் இறங்கிப் போய் நரி சொன்னத அப்படியே பேசுனான். மூத்த பூநாரை ஹன்சா ஒத்தக் கால்ல நின்னு முழுசாக் கேட்டா.

"நிஜமா பன்னாராம் பாய்? குஞ்சுங்களுக்குன்னு எடுத்து வெச்சது அது."

காட்டுக்கு வந்த நாள்லருந்து அவன் பேர ஒழுங்கா, அவங்க ஊருப் பாஷையில கூடப்பொறந்தவன்னும் சேத்துச் சொன்ன மொத ஆளு அவதான். பன்னு தண்ணியப் பாத்துக்கிட்டே, அவளையும் கூடப்பொறந்தவளாக் கூப்பிட்டுச் சொன்னான்.

"நிஜம்தான் பெஹன். நானே அறுபதக் குடுத்துட்டுத்தான் தப்பிச்சேன்."

பன்னோட மூணாவது பானைக்கு அடி மறைஞ்சுது, பாதியும் ரொம்புச்சு. அம்சவேணி மூணுக்கு ஒண்ணு எண்ணி எடுத்துட்டு, அவன நிமிந்துகூடப் பாக்காம சீட்ட நீட்டுனா. கேசர் வந்து சேந்தா. குட்டியும் பொறந்துச்சு, அவன அப்பான்னே கூப்பிட்டுச்சு. ஒரு நாள் ஏரிக்குத் தண்ணி குடிக்கப் போன எடத்துல கேசர் கேட்டா, இந்தப் பூநாரைங்க நம்ம ஊரு ஆளுங்கதானே, குஞ்செல்லாம் ஏன் இவ்வளவு இளைச்சிருக்குன்னு.

"இங்க மழை ஜாஸ்தி"ன்னான் பன்னு.

நீதி: வரிக்குப் பயந்தவன் முழுசையும் விடுவான். அந்தப் பயத்த வித்தவன் மூணுல ஒண்ணக் கட்டிட்டு, குடும்பத்தோட செட்டில் ஆவான்.

எனக்கு இதுல என்ன பங்குன்னு கேக்குறீங்களா? பூநாரைங்ககிட்ட எப்படிப் பேசணும், எந்த எடத்துல குரல இறக்கணும்னு பன்னுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்தான். கூலி ஒரு கூடை முந்திரி. மொதப் பானையிலயே அடங்கிருச்சு, அதுக்கு வரி கிடையாது.