ரிப்போர்ட்டு அக்காவின் பத்தாவது கேள்வி

வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு முழுத் தெருவையே இன்னொருத்தன் தலையில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போனவர், எனக்குத் தெரிந்து, இந்தச் சூரிய மண்டலத்திலேயே எங்கள் ரிப்போர்ட்டு அக்கா ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. திருவொற்றியூரில் தண்டவாளத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே சந்து மாதிரி ஒரு தெரு எங்களுடையது. ஒரு பக்கம் பத்து வீடுகள். எதிர்ப்பக்கம் ஒரு கம்பெனியின் மதில் சுவர். அந்தச் சுவர் முடிகிற இடத்தில் பதினோராம் நம்பராக அக்காவின் வீடு. அதற்கு நேர் எதிரே பத்தாம் நம்பரில் நான் குடியிருந்தேன்.

மெயின் ரோட்டில் இருந்த ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் அக்கா பத்தொன்பது வருடமாக நர்ஸிங் அசிஸ்டென்ட். நோயாளிக்கு உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, பி.பி. பார்ப்பது எல்லாம் அவர் கைவேலை. விவரம் தெரியாதவர்கள் ‘ஆயா’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டால், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அக்கறையாகத் தேடுவார்.

ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் என்று ஒரு சடங்கு நடக்கும். கிளம்புகிற சிஸ்டர், வருகிற சிஸ்டரிடம் ஒன்றாம் படுக்கையில் தொடங்கி, வரிசை மாறாமல், யார் எப்படி இருக்கிறார், என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது என்று ஒப்பிக்க வேண்டும். பின்னால் நின்று அதைப் பத்தொன்பது வருடம் கேட்டதில், ஒப்படைக்காமல் ஓர் இடத்தை விட்டுக் கிளம்புவது மகாபாவம் என்று அக்காவுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வேலைக்குப் போகும்போது தெருவை யாரிடம் விடுவது என்பது அவருக்குப் பெரிய கவலை. அந்த நேரம் பார்த்துத்தான் என் கப்பல் ஏஜென்சி ஆபீஸ், இனி வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் போதும் என்று என்னை அனுப்பிவைத்தது.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு என் ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. நாள் பூராவும் வீட்டில்தான் இருப்பேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான்.

“அப்ப டூட்டி உன்னுது. கேட்டுக்கோ. ஒண்ணாம் நம்பர் முட்டைக்கட பாய், இருமல் கொறஞ்சி கீது, சளி மஞ்சளாதான் வருது. ரெண்டாம் நம்பர் மாவு மெஷின் அம்மா, சுகர் கேஸு. காலைல லட்டு துன்னுட்டு இல்லன்னு சொல்லுது, கைல நெய் வாசன. மூணாம் நம்பர் கிரேன் நைனா, ரெண்டு நாளா மோஷன் போவல, வாழப்பழம் குட்த்து கீறேன், பாத்துக்கோ.”

இப்படியே ஒன்பது வீடும் முடிந்தது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பத்தாம் நம்பர், சரியாகத் தூங்கவில்லை, தண்ணீர் குடிப்பது போதாது என்று என்னைப் பற்றி என்னிடமே ரிப்போர்ட்டு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

விளையாட்டு என்று நினைத்து விட்டுவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், மூணாம் நம்பருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கிரேன் நைனா ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், மலை மாதிரி ஆள். அவரிடம் போய் இதையெல்லாம் எந்த முகத்தோடு விசாரிப்பது? தெரியாது என்றேன். டூட்டியில் தூங்கினாயா என்று கேட்டு ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து நான் விசாரிக்க ஆரம்பித்தேன். நைனா கோபித்துக்கொள்ளவில்லை. தன் வயிற்றைப் பற்றிப் பேசக் கடைசியில் ஓர் ஆள் கிடைத்தான் என்று உட்காரச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா ஜன்னலுக்கு வந்துவிட்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். மும்பையில் இருந்த மானேஜர் தூத்துக்குடிக்காரர், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அடுத்த வார மீட்டிங்கில் கண்டெய்னர் கணக்கெல்லாம் முடிந்த பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த மூன்றாம் நம்பர் வீட்டுக்காரருக்கு இப்போது பரவாயில்லையா என்று கேட்டார்.

இத்தனை ரிப்போர்ட்டு கொடுக்கிற அக்கா, ஆஸ்பத்திரியில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அங்கே அசிஸ்டென்ட் வாயால் சொல்ல வேண்டும், சிஸ்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் முறை. ஒரு நாள் மத்தியானம், ஏழாம் படுக்கைக்காரருக்குக் காலையிலிருந்து யூரின் பை நிரம்பவில்லை என்று அக்கா சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அதே நிமிஷம் விபத்துக் கேஸ் இரண்டு வந்து இறங்க, அந்தச் சிஸ்டர் எழுத மறந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அந்த மனிதரை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டர் ஷீட்டைப் புரட்டிவிட்டு, இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடவா கவனிக்கவில்லை என்று கேட்டாராம். ஆஸ்பத்திரியில் எழுதாதது நடக்காததுதான்.

“நான் சொன்னேன் தம்பி,” என்றார் அக்கா என்னிடம். “ஆனா நான் சொன்னது எங்க கீது?”

அதற்குப் பிறகு இரண்டு நாள் ரிப்போர்ட்டு கொடுக்காமலே வேலைக்குப் போனார். தெரு பேஜாராகிவிட்டது. முட்டைக்கடை பாய் என்னிடம் வந்து, தனக்கு இப்போது இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

மூன்றாம் நாள் அக்கா ஒரு தடித்த நோட்டோடு வந்தார். நர்ஸிங் ஹோமில் டயாலிசிஸ் பிரிவு தொடங்கப் போகிறார்கள். பழைய அசிஸ்டென்ட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஒரு வருடப் படிப்பு, முடிவில் பரீட்சை. பாஸ் செய்தால் டயாலிசிஸ் உதவியாளர். அங்கே அரை மணிக்கு ஒரு தடவை பி.பி. பார்த்து, அவரே சார்ட்டில் எழுதி, அவரே கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் எவ்வளவு கூடும் என்று கேட்டேன். அதைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டதாகச் சொன்னார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் பரீட்சை எழுத ஒரே வாய்ப்புதான். அக்காவுக்கு நாற்பத்தாறு.

பத்தாவது பாஸ் செய்து முப்பது வருடம் ஆனவர் மறுபடி படிக்க உட்கார்ந்தால் தெரு என்ன பாடுபடும் என்பதை அந்த வருடம் பார்த்தோம். சோடியம், பொட்டாசியம் எல்லாம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தன. பாயின் கடையில் நின்று, ஒரு வாழைப்பழத்தில் இருக்கிற பொட்டாசியம் சிறுநீரகம் கெட்டவரை என்ன செய்யும் என்று விளக்கியதில், பக்கத்துப் பழவண்டிக்காரர் இடத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஃபேன் சுற்றுவதை வைத்து ரத்த ஓட்டம், மிக்ஸியை வைத்து டயாலிசிஸ் மெஷின் என்று பாடம் சொன்னார். மாவு மெஷின் அம்மா இரண்டு வாரம் சட்னி அரைக்கவில்லை.

வாயால் கேட்டால் ஒரு பாடம் விடாமல் ஒப்பித்தார். எழுதச் சொன்னபோதுதான் வினை வந்தது. மாதிரித் தேர்வுத் தாளை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். நூற்றுக்குப் பதினான்கு. ‘நோயாளி திடீரென மயங்கினால் நீங்கள் செய்யவேண்டிய ஐந்து காரியங்களை எழுதுக’ என்று ஒரு கேள்வி. அக்காவின் பதில் இது: ஒன்று, சிஸ்டரைக் கூப்பிடுவேன். இரண்டு, சத்தமாகக் கூப்பிடுவேன். மூன்று, ஓடிப்போய்க் கூப்பிடுவேன். நான்கு, அந்த சிஸ்டர் இல்லாவிட்டால் வேறு சிஸ்டரைக் கூப்பிடுவேன். ஐந்து, சிஸ்டர் வந்துவிட்டார்களா என்று பார்ப்பேன்.

பத்துக் கேள்விக்கும் இதே கதை. திருத்தியவர் தாளின் அடியில் சிவப்பு மையில், ‘அதுவரை நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று எழுதியிருந்தார்.

நான் பாடம் நடத்திப் பார்த்தேன். சிஸ்டர் அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். எங்கே போனார்கள் என்று கேட்டார். சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்றேன். கேன்டீனுக்குப் போய்க் கூப்பிடுவேன் என்றார். லீவு என்றேன். போன் போடுவேன் என்றார். போன் ஆஃப் ஆகியிருக்கிறது என்றேன். டூட்டி ஆள் போனை அணைக்கலாமா என்று என் மேலேயே எகிறினார். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் அந்த நர்ஸிங் ஹோமின் அத்தனை சிஸ்டர்களையும் நான் ஊரைவிட்டே அனுப்பிவிட்டேன். அப்படியும் அக்கா நோயாளியைத் தொடவில்லை. எழுதுகிற இடம் சிஸ்டருடையது, தான் வாயால் சொல்கிறவர் என்று கை பழகிவிட்டது. இருப்பதோ ஒரே வாய்ப்பு.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வழக்கம்போல் காலையில் ஜன்னலுக்கு வந்தார். கிரேன் நைனா குழாயடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதாகவும், அப்படியே படுக்கவைத்துக் காலை உயர்த்தியதாகவும், சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, பி.பி. பார்த்து, உப்புப் போட்டுக் கஞ்சி கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பி.பி. பார்த்ததாகவும் மூச்சுவிடாமல் சொன்னார். அதில் எந்தச் சிஸ்டரும் வரவில்லை.

“அக்கா,” என்றேன், “பரீட்சையே எழுதாதீங்க. எனக்கு ரிப்போர்ட்டு குடுங்க. வாயால சொல்றத அப்படியே பேப்பர்ல குடுங்க.”

தோளில் பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “உனுக்குத்தானே? அப்ப எழுதலாம்,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பரீட்சை முடிந்து வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. அக்கா சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. ரிப்போர்ட்டு என்றால் ஆள் வேண்டுமே, அதனால் தெருவையே பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். முதல் கேள்வியில் முட்டைக்கடை பாய்க்குத் தொண்டையில் அவித்த முட்டை சிக்கி, முதுகில் தட்டி எடுத்திருக்கிறார். இரண்டாவதில் மாவு மெஷின் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிப்போய், குளுக்கோஸ் கொடுத்திருக்கிறார். பரீட்சையிலாவது எனக்கு இனிப்பு கொடுத்தாயே என்று அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். மூன்றாவதில் கிரேன் நைனாவுக்கு டயாலிசிஸ் நடுவில் பி.பி. இறங்கி, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, மெஷின் நீர் இழுப்பதை நிறுத்தி, அதற்குப் பிறகு சிஸ்டரையும் கூப்பிட்டிருக்கிறார். தன் பி.பி. வாழ்நாளில் இறங்கியதே இல்லை என்று நைனா மானப் பிரச்சினை ஆக்கினார். ஒன்பதாம் நம்பர் வரை எல்லோரும் விழுந்து, எல்லோரும் பிழைத்து, திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

நான் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். அக்கா வரிசை மாற்றுகிறவர் இல்லை. ஒன்றாம் கேள்விக்கு ஒன்றாம் நம்பர் வீடு, இரண்டாம் கேள்விக்கு இரண்டாம் நம்பர் வீடு. அப்படியானால் பத்தாம் கேள்வி என் வீட்டுக்குரியது. அதில், ‘இறந்துபோன நோயாளியின் உடலைப் பராமரிக்கும் முறையை விவரி’ என்று இருந்தது.

கேள்வியை இரண்டு தடவை படித்தேன். காகிதத்தில்தான் என்றாலும் தன் சாவை ஒரு மனிதன் எப்படி விசாரிப்பது? மெதுவாக, பத்தாவது கேள்வி எப்படி எழுதினீர்கள் அக்கா என்று கேட்டேன்.

அக்கா மதில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “தெரியாதா எனுக்கு? கண்ண மூடணும், தாடையக் கட்டணும், தொடச்சி, வெள்ளத்துணி போத்தணும். எத்தினி பேருக்குச் செஞ்சி கீறேன். பேனாவ வச்சிகினு குந்திகினே இருந்தேன். உன் மூஞ்சிதான் வந்துச்சி. கை வரல தம்பி. வுட்டுட்டேன்.”

“பத்து மார்க்கு அக்கா,” என்றேன்.

“போவுது போ,” என்றார்.

வேறு யாராவது ஊர்பேர் தெரியாதவரை வைத்து எழுதியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அப்புறம் பத்தாம் நம்பரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டிருப்பார். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால்தான் போச்சு என்று கிரேன் நைனாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் வாழைப்பழம் கொடுத்தார்.

பாஸ் மார்க் ஐம்பது. அக்கா வாங்கியது ஐம்பத்து மூன்று. இன்றைக்கும் அதே நர்ஸிங் ஹோமில், மாடியில், அரை மணிக்கு ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் கல்யாணமாகி வேளச்சேரிப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

உனக்காக உயிரையே கொடுப்பேன் என்று என்னிடம் சொன்னவர்கள் சிலர் உண்டு. யாரும் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் இருந்த ஒரே வாய்ப்பில் பத்து மார்க்கைத் தூக்கிப் போட்டு, வெறும் காகிதத்தில்கூட என்னைச் சாகவிடாத ஒரு மனுஷி திருவொற்றியூரில் இருக்கிறார்.