பால் என்று எழுதியிருந்தது

ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். ஷாதிபூரில் எங்கள் தெருவுக்கு அன்று தண்ணீர் முறை, 5.15 முதல் 5.55 வரை ஏழு குடம், இரண்டு டிரம். 6.10-க்குத் தேநீர். 8.40-க்கு அலுவலகம். 11.20-க்கு மேடம் கூப்பிட்டார்.

இந்த அளவுக்குக் குறித்து வைப்பவன் எதிலும் தவற மாட்டான் என்று இருபது வருடங்களாக நம்பி வந்தவன் நான். (என் மனைவி கலா நம்பவில்லை. அது வேறு.)

மேடம் எங்கள் அலுவலகத்தின் தலைமை, வடக்கத்திக்காரர். இடமாற்றப் பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. இந்தத் தீவுக்கூட்டத்தின் வடக்கே, ஒருநாள் பயணத் தூரத்தில் இருக்கும் மாயாபந்தருக்கு ஒருவர் போக வேண்டும். அது நான்தான் என்று கேண்டீன்வரை பேச்சு. மகள் பத்தாம் வகுப்பு. போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். மேடம் கேட்டதோ சின்ன உதவி. மெயின்லேண்டில் ஒரு கல்யாணம். கப்பலில் போய்வரப் பன்னிரண்டு நாள். அவருடைய பூடில் நாய் மோத்தியைப் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாது என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அவர் இந்தியில் கடகடவென்று சொல்லச் சொல்ல, டைரியில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டேன்: "காலை நடை. அடிக்கடி குளியல் வேண்டாம். பால் – தினமும் இரண்டு வேளை. ஒருநாளும் விடக்கூடாது." கூடவே ஒரு பை கொடுத்தார். உள்ளே கழுத்துப்பட்டி, கிண்ணம், நீளப் பற்களோடு ஓர் இரும்புச் சீப்பு.

"இந்தச் சீப்பு எதுக்குங்க?" என்றாள் கலா.

"மேடமோடதா இருக்கும். தவறி வந்திருக்கு. பத்திரமா பீரோவுல வை."

மறுநாள் முதல் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் பால். குடித்து முடித்ததும் டைரியில் ஒரு டிக். மூன்றாம் நாளே, நான் பேனா மூடியைத் திறந்தால் மோத்தி மூக்கால் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. (பூடில் மிகவும் அறிவுள்ள இனம் என்று பிறகு படித்தேன். அப்போது வீட்டில் அந்த அறிவு அதனிடம் மட்டும்தான் இருந்தது.) நான்காம் நாள் வயிறு இளகி, ஹாலில் மூன்று இடங்களில் போனது. நேரம் குறித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மேடம் போன் செய்தார். "பால் ரோஸ் ஹோ ரஹா ஹை நா?"

"ரோஸ், மேடம். தோ டைம்." தினமும் நடக்கிறதா என்றார்; தினமும், இரண்டு வேளை என்றேன்.

பாலுக்கு இந்தியில் 'தூத்' என்று இந்தத் தீவில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் மேடம் தமிழில் சொல்கிறார் என்றால், அது என்மீதுள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். முதல் எழுத்து கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. வடக்கத்தி நாக்கு, போகட்டும்.

"மாயாபந்தர் நமக்கில்ல" என்று கலாவிடம் அறிவித்தேன்.

ஒன்பதாம் நாள் மோத்தி, மழையில் கிடந்த கால்மிதிபோல் ஆகியிருந்தது. காதுக்கடியிலும் கால் இடுக்கிலும் முடி கட்டிகட்டியாகச் சிக்குப் பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். (சிக்குக்கு வேறென்ன தடவுவார்கள்?) அப்படியே நடைக்குக் கூட்டிப்போனேன். தெரு மண்ணில் பாதி வீட்டுக்கு வந்தது.

மறுநாள் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்தார்.

"பூடிலுக்கு முடி கொட்டினாலும் கீழ விழாது சார். சுருள்லயே மாட்டிக்கும். தினமும் வேர்வரைக்கும் சீவணும், இந்த ஊர் ஈரத்துக்கு ஒருநாள்கூட விடக்கூடாது. தோலை இழுத்து இழுத்து அதுக்கு வலிக்குது பாருங்க. மொத்தமா எடுத்துட வேண்டியதுதான். ஆமா, வயிறு ஏன் இப்படி? பால் குடுக்கறீங்களா?"

"எழுத்துமூலமான உத்தரவு, டாக்டர்." டைரியைக் காட்டினேன்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"தலையிலயாவது ஒரு பூ விடுங்க டாக்டர்" என்று கலா கெஞ்சியதால், உச்சியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குடுமி மிஞ்சியது.

ஆகஸ்ட் 18, பிற்பகல் 3.25. கப்பலிலிருந்து இறங்கிய மேடம் துறைமுக மேடையில் சுற்றிப் பார்த்தார். "மோத்தி கஹான் ஹை? அவுர் யே பக்ரி கிஸ்கி ஹை?" மோத்தி எங்கே, இது யாருடைய ஆடு என்கிறார். ஆடு வாலை ஆட்டிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தது.

நான் டைரியைத் திறந்தேன். "பால் பத்தொன்பது வேளை, மேடம். டாக்டர் தடுத்ததால் மீதி நின்றுபோனது. உங்கள் சீப்பும் பத்திரம். ஒரு முடிகூடப் படவில்லை."

மேடம் தன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் காட்டினார். "தூத் நஹீன்! பால்! பால்!"

இந்தியில் பால் என்றால் முடி. எழுதும்போது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. திருப்பிப் படிக்கும்போதுதான் தமிழனாகிவிட்டேன். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப.

பட்டியல் அடுத்த வாரம் வந்தது. இதை மாயாபந்தரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் போனில் கலாவின் முதல் கேள்வி, "பால் வெட்டியாச்சா?" சலூனுக்குப் போனேனா என்று அர்த்தம். வீடியோவில் என் நரையைப் பார்த்தால், "அப்பா, பால் பொங்குது" என்பாள் மகள்.

அந்த டைரியில் கடைசியாக ஒன்று. மேடம் வந்திறங்கிய மறுநாள், ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. 4.50-க்கு எழுந்தேன். முதல் வேலையாக டைரியை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தேன். கிண்ணம் தள்ளும் சத்தத்துக்குக் கொஞ்சநேரம் காத்திருந்தேன்; வரவில்லை. 'பால்' என்பதை அடித்து 'முடி' என்று திருத்தினேன். பிறகு என் தலையைச் சீவிக்கொண்டு, ஒரு டிக் போட்டேன்.