இன்றியமையாத குருசாமி

கொச்சித் தலைமை ஆபீசிலிருந்து ஒரு உத்தரவு மலையேறி வந்தது. 'கம்பெனிக்கு இன்றியமையாத உத்தியோகஸ்தர் இருவர் ஒரே வாகனத்தில் பிரயாணம் செய்தல் கூடாது. விபத்து நேர்ந்தால் கம்பெனி அநாதையாகிவிடும்.' நியாயந்தானே! ஆனால் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் இருந்ததே ஒரு ஜீப்பு, ஒரு டிரைவர். அந்த டிரைவர்தான் நம்ம குருசாமி.

பெரிய தொரையை மலையிறக்கி சித்திரபுரம் பாக்டரியில் விடணும். வெறும் வண்டியோடு மலையேறி சின்னத் தொரையைக் கூட்டிப் போகணும். அப்புறம் டீமேக்கர். இதைப் பார்த்த ஹெட்கிளார்க்குக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்ப நான் செத்தா கம்பெனிக்கு நஷ்டமில்லையா?" என்று அழாத குறையாகக் கேட்டார். அவருக்கும் தனி டிரிப் கிடைத்தது. டாக்டர் மட்டும் இளைத்தவரா? தனியாகப் போகாதவன் மனுசனே இல்லை என்று ஆகிப்போச்சு.

குருசாமிக்கோ வேறு கவலை. புதன்கிழமை மகள் அழகுத்தாய்க்கு சித்திரபுரத்தில் நிச்சயம். உச்சிக்குள் தட்டு மாத்தணும்.

"தொரை, புதன்கிழமை மட்டும் லீவு..."

"அன்னைக்கு பாக்டரியில மீட்டிங்யா! ஆளுக்கொரு டிரிப் யாரு அடிப்பா?"

பக்கத்தில் நின்ற ஹெட்கிளார்க் திடீரென்று அலறினார். "சார்! நாம தனித்தனியாப் போறோம், சரி. எல்லா டிரிப்புலயும் இவன் இருக்கானே! கம்பெனி மொத்தமும் இவன் ஒருத்தன் கையில!"

பெரிய தொரைக்கு வேர்த்துவிட்டது. யோசிக்க யோசிக்க, குருசாமியைவிட இன்றியமையாதவன் அந்த மலையில் யாருமே இல்லை. அப்படியானால் அவனோடு இன்னொரு உத்தியோகஸ்தர் ஏறலாமா? ஆகவே ஜீப்பில் குருசாமி மட்டும் போவது, மற்ற உத்தியோகஸ்தர்கள் நடந்து போவது என்று தீர்மானமாயிற்று.

புதன்கிழமை குருசாமி இரவல் கோட்டும் கூலிங்கிளாசுமாக ஜீப்பில் உட்கார்ந்தான். மனைவி மூக்கம்மாள் தாம்பாளத்தோடும் மகளோடும் ஓடி வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"அட போடி! ஆர்டர் தெரியாதா? நான் இன்றியமையாதவன். நீங்க கொழுந்து லாரியில வாங்க."

"லாரியில நாப்பது பேரு நெருக்கியடிச்சுல்ல போறோம்?"

"அவங்களுக்கெல்லாம் ஆர்டர் கிடையாதுடி" என்று ஹாரனை அமுக்கினான்.

பாதி மலை இறங்கியதும், நடுவில் வந்த ஒரு சின்ன ஏற்றத்தில் ஜீப்பு உறுமி, இருமி, நின்றேவிட்டது. பின்னால் தொரைமார் வந்தார்கள். நடப்பதிலும் ஒருத்தருக்கொருத்தர் கூப்பிடு தூரம் விட்டுத்தான் வந்தார்கள்; மண்ணு சரிந்தால் ஒருத்தராவது மிஞ்சணுமே!

"சார், ஆளுக்கொரு கை குடுத்தா வண்டி நகரும்" என்று குருசாமி கெஞ்சினான்.

"பள்ளத்து ஓரத்துல எல்லாரும் ஒண்ணாவா? கம்பெனி என்னய்யா ஆகும்?" என்று தூரத்திலிருந்தே கத்தினார் பெரிய தொரை. ஜீப்பை நெருங்கவும் பயம், தாண்டவும் பயம். ஆளுக்கொரு ரோட்டோரக் கல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

கொழுந்து லாரி வந்தது. மேலே பெண்கள் குலவை போட்டார்கள். மூக்கம்மாள் எட்டிப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஏறிக்கங்க, நேரமாகுது!"

குருசாமி மகள் முகத்தைப் பார்த்தான். தொரைமாரைப் பார்த்தான். அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் எப்படிடி இந்தக் கும்பல்ல ஏறுறது?" என்றான். லாரி போய்விட்டது.

சாயங்காலம் அதே லாரி திரும்பியபோதும் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். குருசாமி ஓடிப் போய்க் கேட்டான். "தட்டு மாத்தியாச்சா?"

"ஆச்சு. எங்கண்ணன் நின்னு மாத்துனாரு. சாப்பாடு அமோகம்."

"நான் எங்கேன்னு கேட்டிருப்பாங்களே?"

"ஒருத்தரும் கேக்கல" என்றாள் மூக்கம்மாள்.

கல்லிலிருந்து பெரிய தொரை எழுந்தார். "பாக்டரி நின்னு போயிருக்குமே? எங்களைத் தேடினாங்களா?"

"இல்லீங்க தொரை. இன்னைக்குத்தான் வேலை சீக்கிரம் முடிஞ்சுதாம்."