வர இயலாதவர் நேரில் வந்த கதை

கிராமத்து மக்கள் வைத்தியத்துக்காக நகரத்துக்கு அலையக் கூடாது என்று அரசாங்கம் ஒரு நல்ல நாளில் முடிவு செய்தது. குறிப்பாக, வலி மாத்திரையைப் போட்டுப் போட்டு அதை விட முடியாமல் தவிக்கிறவர்கள், வீட்டில் இருந்தபடியே டாக்டரைத் திரையில் பார்த்து, பேசி, மருந்து பெற்று நலமடைய வேண்டும் என்று அது மனமார விரும்பியது. அதற்காக ஒரு திட்டம், திட்டத்துக்கு ஓர் அலுவலகம், அலுவலகத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு எல்லாம் வந்தன. கிராமத்து மக்கள் தெரிந்துகொள்வதற்காக, அறிவிப்பை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் ஒட்டினார்கள்.

அங்கிருந்து அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் ஒரு லாரிக்காரர் இருந்தார். தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து லோடு மேலிருந்து விழுந்தவர். இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். நல்ல மாத்திரைதான். மூன்று மாதத்தில் வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. ஒரு வேளை தவறினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி விட்டே தாடை கழன்றுவிடும், எலும்புக்குள் யாரோ திருகாணி முடுக்குவதுபோல் இருக்கும். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

அவர் மனைவி தையல்காரி. வாய் அளந்து பேசமாட்டாள், துணியை மட்டும்தான் அளப்பாள். லாரிச் சாவியை எடுத்து எங்கோ ஒளித்துவிட்டாள்.

"இந்த நெலமையில ஸ்டியரிங்கத் தொட்டீங்கன்னா, எதிர வர்றவன் என்ன பாவம் பண்ணான்? மாத்திரைய விடுங்க, சாவியத் தர்றேன்" என்றாள்.

அவருக்கும் விட வேண்டும் என்றுதான் ஆசை. ஒரு நாள் லாரிக்குள் தனியாக உட்கார்ந்து அழுதும் பார்த்தார். அதிலும் மூக்குதான் ஒழுகியது. கடைசியில் ஆஸ்பத்திரி மாடிக்குப் போய் வந்த யாரோ திட்டத்தைப் பற்றிச் சொல்ல, அவர் பஸ் ஏறினார். கண்ணாடிக் கதவைத் தள்ளித் தோற்று, இழுத்து, உள்ளே போனார். பிரிவு எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், டாக்டர வீட்லருந்தே பாக்கலாம்னாங்க."

"பாக்கலாம். அதுக்கு நேர்ல வந்து பதியணும்."

"நேர்லதான் வந்திருக்கேன்."

"அதுதாங்க சிக்கல். இது நேர்ல வர முடியாதவங்களுக்கான திட்டம். நீங்க வந்துட்டீங்களே."

"அப்ப போயிடட்டுமா?"

"போயிட்டா எப்படிப் பதியறது?"

இருவரும் இதைப் பற்றிச் சற்று நேரம் வருத்தத்தோடு யோசித்தார்கள். எழுத்தர் கெட்டவரில்லை. ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி நான் இவ்வலுவலகத்துக்கு வர இயலாத நிலையில் உள்ளேன் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. லாரிக்காரர் அவர் எதிரிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். எழுத்தர் சாட்சியாகப் போட்டார்.

"இனிமே வீட்லருந்து பேசலாமா சார்?"

"வீட்ல எப்படி? உங்க போன எவனாவது ஒட்டுக் கேட்டான்னா? அங்கீகரிக்கப்பட்ட அறையிலதான் பேசணும்."

"அது எங்க இருக்கு?"

"ஆறாம் நம்பர். இதே வராந்தா."

ஆறாம் நம்பர் அறையில் ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு பூட்டு. திரையில் டாக்டரம்மா தெரிந்தார். அவர் உட்கார்ந்திருந்தது ஐந்தாம் நம்பர் அறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரைக்கும் போகவில்லை. டாக்டரம்மா "வணக்கம்" என்றால் முதலில் தடுப்புக்கு மேலாக வந்தது. லாரிக்காரர் பதில் வணக்கம் சொல்லி முடித்து, துண்டை மடித்து வைத்த பிறகு, அதே வணக்கம் திரையிலிருந்தும் வந்தது. மரியாதைக்காக அதற்கும் ஒரு வணக்கம் போட்டார். இப்படி எல்லாமே இரண்டு முறை நடந்ததால் அரை மணி நேரத்தில் பெயரும் வயதும்தான் முடிந்தது. அப்புறம் படம் நின்றுவிட்டது. டாக்டரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஸ்டூல் மேல் ஏறி, தடுப்புக்கு மேல் தலையை நீட்டினார்.

"எத்தனை மாத்திரை போடறீங்க ஒரு நாளைக்கு?"

"பன்னெண்டும்மா."

அந்த நேரம் பார்த்து எழுத்தர் கதவைத் திறந்தார். அவருக்குக் கை கால் ஓடவில்லை. ஓர் அரசு மருத்துவர் ஒரு நோயாளியை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் மேலிடத்துக்குப் போனது. அளவு நாடாவோடு ஒரு குழு வந்தது. டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே இருந்த தூரம் பதினோரு அடி என்று கண்டறிந்தது. விதிப்படி நாற்பது கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது. மீதித் தூரத்தை எங்கிருந்து கொண்டுவருவது? நோயாளியைத் தள்ளி வைக்க முடியாது, ஏனென்றால் அங்கீகரிக்கப்பட்ட நாற்காலியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியாயிற்று. ஆனால் டாக்டர் அரசு ஊழியர். அவரை யாரும் முடுக்கவில்லை. ஆகவே, 'திட்டத்தின் உயிர்நாடியான தொலைவினைப் பேணிக் காக்கும் பொருட்டு' டாக்டரம்மா தினமும் நோயாளியின் கிராமத்துக்குப் போய், அங்கே நூலக அறையில் உட்கார்ந்து, நகரத்தில் இருக்கும் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவானது.

லாரிக்காரர் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள்.

"டாக்டரம்மா இன்னைக்கு நம்ம ஊருக்கு வர்றாங்களாமே. நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"அவங்களப் பாக்கத்தான்."

தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோப்பதை நிறுத்திவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

முதல் நாள் திரையில் நூலகத்து அலமாரி மட்டும் தெரிந்தது. இரண்டாம் நாள் டாக்டரம்மாவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. லாரிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்து, வீட்டுக்கு வந்து, பன்னிரண்டையும் போட்டுக்கொண்டார். போட்டுவிட்டு, தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும் முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில், ஒரு டீக்கடை வாசலில், பத்து நிமிஷம் நிற்கும். மூன்றாம் நாள் லாரிக்காரர் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

"நீங்க பன்னெண்டு மாத்திரைதானே?"

டாக்டரம்மாவை முழுசாக அவர் பார்த்தது அப்போதுதான். திரையில் கழுத்து வரைக்கும்தான்.

"கடைசியா எப்ப போட்டீங்க?"

"நேத்து சாயங்காலம், பன்னெண்டும். அதோட நிறுத்திப் பாக்கலாம்னு..."

"உடம்பு முறுக்குதா?"

"முறுக்கிப் பிழியுதும்மா."

"ரொம்ப நல்லது" என்றார் டாக்டரம்மா, நாடியைப் பிடித்தபடி. "முறுக்கும்போதுதான் அந்தப் பழக்கத்த விட வைக்கிற இந்த மருந்த ஆரம்பிக்கணும். இப்படி பெஞ்சுல உக்காருங்க. நாக்குக்கு அடியில வச்சு கரைய விடுங்க. முழுங்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது, பேசக் கூடாது."

பத்து நிமிஷம் முடிந்தது. இரண்டு டிரைவர்களும் ஹாரன் அடித்தார்கள். டாக்டரம்மா இன்னும் அரை மணி நேரம் அவரைப் பார்க்க வேண்டும் என்றார். கண்டக்டர் ஜன்னல் ஜன்னலாகப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளையும் அவர் வியர்வையையும் காட்டினார். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. இரண்டு பஸ் ஜனமும் இறங்கி, டீ குடித்தபடி, ஒரு மனிதன் நாக்குக்கு அடியில் மாத்திரை கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரத்தில் அவர் மூக்கு நின்றது. தோள் இறங்கியது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகப் பசிக்கிறது என்றார்.

பிறகு டாக்டரம்மா அவருடைய கிராமத்துக்கும், அவர் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கும் போய், ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து, "கேக்குதா?" "கேக்கல" என்று கடமையைச் செய்து முடித்தார்கள்.

ஆறு மாதம் இப்படிப் போனது. லாரிக்காரர் தேறிவிட்டார். சாவி கைக்கு வந்தது. அதற்குள் பெஞ்சுக்கு வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட கணக்கு வாத்தியார், கம்பத்திலிருந்து விழுந்த எலெக்ட்ரீஷியன், பல் பிடுங்கப் போய் மாத்திரையோடு திரும்பிய ஜோசியர். எல்லோரும் தேறினார்கள். நாட்டிலேயே இந்தத் திட்டத்தில் ஆள் தேறியது இங்கே மட்டும்தான் என்பதால் மேலிடம் கலவரமடைந்தது. இயக்குநர் நேரிலேயே வந்து, லாரிக்காரரை விசாரித்தார்.

"உண்மையச் சொல்லுங்க. எங்க குணமாச்சு?"

"டீக்கடை பெஞ்சுல சார்."

"திரை இருந்ததா?"

"இல்ல சார்."

"தூரம்?"

"ஒரு முழம் இருக்கும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா நீங்க குணமானது செல்லாது."

"திரும்ப மாத்திரை போடணுமா சார்?"

"அதுக்கு உங்களுக்கு வலி இருக்கணும். இருக்கா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா, அதுவும் முடியாது."

ஆனால் இத்தனை பேர் தேறியதை ரத்து செய்தால் ஆண்டறிக்கையில் என்ன எழுதுவது? அறிக்கைக்காக இயக்குநர் பெருந்தன்மையோடு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த பெஞ்சை 'நடுவழி நேரடித் தொலைமருத்துவ மையம்' என்று அறிவித்துவிட்டார். மையம் என்றால் பொறுப்பாளர் வேண்டும். அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் லாரிக்காரர் ஒருவர்தான்.

அவர் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டியிருந்தது உண்மை. சரி, ஒரு வாரம் என்று ஒப்புக்கொண்டார். ஒரு மேசை வந்தது. மேசைக்கு ஒரு மணி, மணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை. முதல் முத்திரையைக் குத்தியபோது அவர் உடம்பில் ஓர் இதம் பரவியது. இரண்டாவதைக் குத்தாமல் இருக்க முடியவில்லை. முதல் வாரம் ஒருவருக்கு ஒரு முத்திரை. அடுத்த வாரம் அது போதவில்லை, மூன்றானது. மாதக் கடைசியில் ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது. அன்றைக்கு அவருக்கு மூக்கு ஒழுகும். வீட்டுக் காலண்டரில் குத்திக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை தையல்காரி தன் தம்பியைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸிலிருந்து இறக்கினாள். தோள்பட்டை முறிவு, அதே மாத்திரை, அதே கதை. அவன் உடம்பு தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் டாக்டரம்மா தயாராக இருந்தார். நடுவில் மேசை இருந்தது.

"வர இயலாமைச் சான்று?" என்றார் லாரிக்காரர், நிமிராமல்.

"நாந்தாங்க. இது உங்க மச்சான்."

"உறவு விண்ணப்பத்துல ஆறாவது பத்தி. ரெண்டு நகல். சான்று இல்லாம வரிசையில நிக்க முடியாதும்மா."

"அவன் நிக்கவே முடியாமத்தான் வந்திருக்கான். அஞ்சு நிமிஷத்துல பஸ் எடுத்துருவாங்க. கொஞ்சம் விடுங்க."

டாக்டரம்மா எழுந்து வந்து, "நான் பாத்துடறேனே" என்றார். லாரிக்காரர் மணியை அடித்தார். டாக்டரம்மா உட்கார்ந்தார்.

தையல்காரி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். தேறியவர்களும் தேறிக்கொண்டிருப்பவர்களும் முப்பது பேர் நின்றார்கள். லாரிக்காரர் பெஞ்சில் வியர்த்த அன்று டீயோடு காத்து நின்ற கண்டக்டரும் இருந்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தாள். கணக்கு வாத்தியார் சொன்னார், "நாங்கள்லாம் ரெண்டு நகல் எடுத்துட்டு வரலையாம்மா? எல்லாரும் ஒழுங்கா வந்தாத்தானே நல்லது."

இரண்டு பஸ்ஸும் ஹாரன் அடித்தன. டாக்டரம்மா கிராமத்துப் பக்கம் போனார். வரிசை நகரத்து பஸ்ஸில் ஏறிக்கொண்டது. தம்பி மட்டும் காலியான பெஞ்சில் சுருண்டு கிடந்தான்.

தையல்காரி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இதுக்கு அந்த மாத்திரையே தேவலைங்க. அதப் போட்டப்ப நீங்க ஒருத்தர்தான் கெட்டீங்க."

லாரிக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கை தானாக இழுப்பறைக்குள் போய், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவள் பக்கம் நகர்த்தியது.

"இத எழுத்துல குடும்மா" என்றார்.