காபியை மறுத்து நான் இருந்த இட்லி உபவாசம்

பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வேண்டாம் என்கிறவன் ஒன்று பெண்ணைப் பிடிக்காதவன், இல்லை வயிறு கெட்டவன். நான் மூன்றாவது ரகம். ஓமியோபதி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தும்மல். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் நான் காலையில் தும்ம ஆரம்பித்தால் எதிர்வீட்டில் அலாரம் வைப்பதை நிறுத்திவிடுவார்கள். (பால்காரர் "உன்னாலதாம்பா நான் லேட்டாவுறதே இல்ல" என்று நன்றி சொல்வார்.) கடைசியில் ஒரு ஓமியோபதி டாக்டர் வெள்ளை உருண்டைகளைக் கொடுத்து, "காபியும் பச்சை வெங்காயமும் வாய்க்குள்ள போவக் கூடாது" என்றார். தும்மல் பாதியாகக் குறைந்தது. அன்றிலிருந்து டீக்கடையைத் தாண்டும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்திலிருந்து எஸ்தரின் சம்பந்தம் வந்தது. போட்டோவைப் பார்த்ததுமே நான் ஆமென் சொல்லிவிட்டேன். ஒரே சிக்கல் பெண்ணின் அப்பா. சபையில் மூப்பர். விசுவாசிகளுக்கு ஓமியோபதி ஆகாது என்று மைக்கில் பேசுகிறவர். "வாயத் தொறந்துடாதப்பா, சம்பந்தம் பூடும்" என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார்.

போய் உட்கார்ந்ததும் மாமா (அன்று இன்னும் மாமா ஆகவில்லை) அதையே எடுத்தார்.

"மருந்தத் தண்ணியில கலக்குறான், குலுக்குறான். மறுபடி தண்ணி, மறுபடி குலுக்கல். கடைசியில மருந்தே இருக்காது. ஆனா குலுக்கக் குலுக்க வீரியம் ஏறுதாம். அந்த வீரியம் யார்கிட்டேர்ந்து வருது? கர்த்தர்கிட்டேர்ந்து வரலன்னா வேற யாரு? நீங்களே சொல்லுங்க தம்பி."

"நியாயந்தாங்க" என்றேன். சட்டைப் பையில் இருந்த உருண்டைச் சீசா நெஞ்சில் சுட்டது.

எஸ்தர் காபித் தட்டோடு வந்தாள். "வேணாங்க" என்றேன். எஸ்தரின் முகம் சுருங்கியது. தன்னைத்தான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பதறிப்போய், வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னைக்கு உபவாசங்க."

மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்க உபவாசத்தோட வந்த புள்ளைய நான் பாத்ததே இல்ல. என் வீட்டுக்காரியும் இப்படித்தான் தம்பி. சபைக் கட்டடத்துக்காகக் காபிய வுட்டுட்டு ஜெபம் பண்ணிக்கினு இருக்கா. சபையில எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சாட்சியே சொல்லியிருக்கேன்."

சமையலறை வாசலில் நின்ற எஸ்தரின் அம்மா (பிற்பாடு என் அத்தை) தலையைக் குனிந்துகொண்டார். பணிவு என்று நினைத்தேன்.

மாமா அதோடு விடவில்லை. "மாப்ள பட்டினியா இருக்கும்போது நாம துன்றது நல்லா இருக்குமா? எல்லாருமே சாயங்காலம் வரைக்கும் உபவாசம் இருந்து ஜெபத்தோட முடிப்போம்."

உள்ளே மட்டன் பிரியாணியை அப்போதுதான் தம்மிலிருந்து இறக்கியிருந்தார்கள். எங்கள் பெரியப்பா அதற்காகவே கிளம்பி வந்தவர். ("பொண்ண நீ பாரு, பிரியாணிய நான் பாத்துக்கிறேன்" என்று வேனிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டவர்.) முதல் பாட்டுக்குப் பொறுத்தார். நீண்ட ஜெபத்துக்கும் பொறுத்தார். மாமா அடுத்த பாட்டை எடுத்ததும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"இன்னா உபவாசம்? காலையில கூட்டேரிப்பட்டுல வேன நிறுத்தி என் கண்ணு முன்னால ஆறு இட்லி துன்னான். வடையும் துன்னான்."

பாட்டு பாதியில் நின்றது.

"அப்ப காபி ஏன் வேணாம்னீங்க?" மாமாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எஸ்தரை ஒருமுறை பார்த்தேன், இதுவே கடைசி என்ற நினைப்பில். பிறகு சீசாவை எடுத்து டீப்பாய் மேல் வைத்தேன். "ஓமியோபதிங்க. தும்மலுக்கு."

மாமா அதைத் தொடவில்லை. தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இதுவும் இருக்கு, இதுக்கு மேல ஒரு பொய்யும் இருக்கு" என்றார். பெரியப்பா பிரியாணி இருந்த திசையைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

அப்போது அத்தை உள்ளே போய் அதேபோல் ஒரு சீசாவைக் கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார்.

"தம்பிக்கு தும்மல், எனக்கு முட்டி வலி. ரெண்டு பேருக்கும் திண்டிவனத்துல ஒரே டாக்டருதான். அங்க பெஞ்சில பாத்திருக்கேன்."

"அப்ப கட்டடத்துக்கு ஜெபம்?"

"அதுவும் பண்ணேன். காபிய ஏன் வுட்டன்னு நீங்க எங்க கேட்டீங்க? நீங்களே போயி சாட்சி சொல்லிட்டு வந்துட்டீங்க. அப்புறம் நான் இன்னா சொல்றது?"

மாமா இரண்டு சீசாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். "முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"மாடி ஏறுறேங்க."

"அது என் ஜெபம்."

"ஆமாங்க."

"அப்ப மாத்திரைய நிறுத்திடு."

"நீங்க ஜெபத்த நிறுத்தாதீங்க, நான் மாத்திரைய நிறுத்தல. எதால கொணமாச்சுன்னு கர்த்தருக்குத் தெரியும்."

முதலில் சிரித்தது எஸ்தர்தான். மாமா கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "எலையப் போடுங்க" என்றார். அதுதான் சம்மதம். பெரியப்பா ஒரு கால் செருப்போடு ஓடிவந்தார். நான் தயிர் வெங்காயத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன்.

இன்று எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் விழுப்புரம் போனால் காபி வருவதற்கு முன் மாமா கேட்டுவிடுவார். "இன்னைக்கு இட்லி உபவாசமா மாப்ள?"

ஓமியோபதியைப் பற்றி அவர் கொள்கை மாறவில்லை. வீட்டில் மட்டும் ஒரு சமரசம். அத்தை மாத்திரை போடுவதற்கு முன், மாமா சீசாவைக் கையில் வாங்கி ஜெபம் பண்ணித் தருவார். ஜெபத்தில் அவருக்கு உணர்ச்சி ஏறினால் கை ஆடும். சீசா கடகடவென்று குலுங்கும். அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து சொல்வார்.

"போதுங்க. இதுக்கு மேல குலுக்குனா வீரியம் ஏறிடும்."