கேள்விகள் கடைசியில்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கு நான் நலம். அங்கு தாங்கள் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லாததால், அந்த வரியைத் தாண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

மருத்துவர் சங்கத்தில் ‘வைத்தியம், அன்றும் இன்றும்’ என்று பேசக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற டாக்டரை யாராவது கூப்பிடுவதே அபூர்வம், எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெருமையை நாலு பேர் பார்க்க வேண்டுமே என்று உங்களை வேறு வரவழைத்தேன். அன்று காலை என் வீட்டில் உட்கார்ந்து, “மாடிப்படி ஏறினா தாடையெல்லாம் வலிக்குது சம்பந்தி” என்றீர்கள். பேச்சு எழுதிய தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “பல்லா இருக்கும். கிராம்பு வச்சுக் கடிங்க” என்றேன். படி ஏறினால் மட்டும் வலிக்கிற பல் யார் வாயில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த வரி, ‘இன்றைய டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள்’ என்பது. நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மேடை ஏறியதும் வாய் நிற்கவில்லை. அட்டை விட்டு ரத்தம் உறிஞ்சவைத்த காலம், சிறுநீரை ருசித்துச் சர்க்கரை நோயைக் கண்டுபிடித்த காலம், கை கழுவச் சொன்ன டாக்டரை மற்ற டாக்டர்கள் பைத்தியம் என்று விரட்டிய காலம் எல்லாவற்றையும் சொல்லி, “காது கொடுத்துக் கேக்காததுதான் நம்ம பரம்பரை வியாதி” என்று கைதட்டல் வாங்கினேன். நோயாளிக்கு மூன்று நிமிஷம், காப்பீட்டுத் தாள்களுக்கு முப்பது நிமிஷம், மிச்சத்துக்கெல்லாம் மெஷின் என்று இந்தக் காலத்தையும் ஒரு பிடி பிடித்தேன். அப்போதுதான் முன்வரிசையில் நீங்கள் கையைத் தூக்கினீர்கள். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், அனுமதி கேட்காமல் மயங்கிக்கூட விழமாட்டீர்கள். நானோ, “கேள்வியெல்லாம் கடைசில, சம்பந்தி” என்றேன். சபை சிரித்தது. நெஞ்சில் கை வைத்தீர்கள். பேச்சு உருக்கிவிட்டது என்று குரலை ஏற்றினேன். உங்களுக்கு வேர்த்து ஊற்றியது. ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னேன். உங்கள் மகள், அதாவது என் மருமகள், அவளும் டாக்டர், பின்வரிசையிலிருந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். “உக்காரும்மா, நான் இன்னும் முடிக்கலை” என்று மைக்கில் சொன்னேன். எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

அவள்தான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஈ.சி.ஜி. எடுக்கவைத்து, அடைப்பைக் கண்டுபிடித்து, ஸ்டென்ட் வைக்க ஏற்பாடு செய்து காப்பாற்றினாள். எல்லாம் நான் மேடையில் கிண்டலடித்த மெஷின்கள். வராந்தாவில் சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, “நல்லவேளை, டாக்டர் நீங்க பக்கத்துலயே இருந்தீங்க” என்று கும்பிட்டபோது, முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. மருமகள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை. வெட்கமாக இருக்கிறது சம்பந்தி, மன்னித்துவிடுங்கள். இனி மேடைப் பக்கமே போகமாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கிராம்பைத் தூக்கி எறியவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து, ஒருவழியாக வாயைத் திறந்தாள். “முழுக்க உங்களைப் பத்தியேதான் இருக்கு மாமா. அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?” ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டாம். சட்டையை மாட்டிக்கொண்டு நானே வருகிறேன். நீங்கள் கையைத் தூக்க வேண்டாம், பேசினால் போதும்.